கட்டுகிற கையில் துத்தநாகம்

12 வயதுப் பையனுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை. டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கிறார். மாலையில் லேபிலிருந்து வாட்ஸ்ஆப்பில் ரிப்போர்ட் வருகிறது. எல்லாம் ஒழுங்காக இருக்க, ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில்: ஆல்கலைன் பாஸ்படேஸ் 340. இருக்க வேண்டிய அளவு 40 முதல் 130 வரை என்று பக்கத்திலேயே போட்டிருக்கிறது. கல்லீரல் பரிசோதனைகள் என்ற தலைப்பின் கீழ் அந்த வரி வருவதால் வீட்டில் கலவரம். மஞ்சள் காமாலையாக இருக்குமோ? பாட்டி கீழாநெல்லி பறித்துவர ஆளையே அனுப்பிவிடுகிறார். மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். "வளர்ற பையன்மா இவன். இந்த வயசுல இது ஏறித்தான் இருக்கும். லேப்ல பெரியவங்களுக்கு உள்ள அளவைப் போட்டுட்டாங்க."

காய்ச்சல் இறங்கிவிடும், கலவரமும் அடங்கிவிடும். ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருக்கும். பையன் உயர்ந்துகொண்டு போவதைச் சுவரோரம் நிறுத்திப் பார்த்தால் தெரியும். ரத்தத்தில் எப்படித் தெரிகிறது? கால் எலும்பு நீள்வதற்கும் ரத்தத்தில் மிதக்கும் ஒரு பொருளுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு போனால், போய்ச் சேரும் இடம் கால்சியம் அல்ல, துத்தநாகம். மருந்துக் கடையில் ஜிங்க் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான்.

எலும்பு என்னும் கட்டுமானம்

எலும்பு என்றதும் கால்சியம் என்று சொல்லப் பழகிவிட்டோம். எல்லாம் சத்துப் பொடி விளம்பரங்களின் உபயம். எலும்பின் அமைப்பு உண்மையில் கான்கிரீட் தளத்தைப் போன்றது. முதலில் கம்பி கட்ட வேண்டும்; கொலாஜன் என்ற புரத இழைதான் அந்தக் கம்பி. பிறகு கம்பிகளுக்கிடையே சிமெண்டு. கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது அது. இழை மட்டும் இருந்தால் எலும்பு வளைந்துவிடும். தாது மட்டும் இருந்தால் தட்டினாலே நொறுங்கும்.

இந்த இரண்டு வேலைகளையும் செய்பவை எலும்பின் மேற்பரப்பில் வரிசையாக அமர்ந்திருக்கும் ஒருவகைச் செல்கள். அவற்றை இங்கே கட்டுசெல்கள் என்போம். பழைய எலும்பைக் கரைத்து அப்புறப்படுத்தும் செல்களும் உண்டு. அவை கரைசெல்கள். வளர்ந்து முடித்தவர் உடம்பிலும் இரு தரப்புக்கும் ஓய்வில்லை. எலும்புக்கூட்டில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது.

இப்போது எடைக்கணக்குக்கு வருவோம். வளர்ந்த ஒருவர் உடம்பில் கால்சியம் ஒரு கிலோ அளவுக்கு இருக்கும். துத்தநாகம் மொத்தமே 2 முதல் 3 கிராம். அதில் ஏறக்குறைய 30 சதவீதம் எலும்பில் இருக்கிறது, அதாவது முழு எலும்புக்கூட்டுக்கும் ஒரு கிராமுக்கும் குறைவு. அந்தச் சொற்பத்திலும் பெரும்பகுதி தாதுவோடு ஒட்டிச் சும்மா கிடப்பது. செல்களுக்குள்ளும் நொதிகளிலும் இருந்து வேலை பார்க்கும் பங்கு இன்னும் சிறியது. சிமெண்டு மூட்டைக் கணக்கில் அது வராது. கொத்தனாரின் கையிலிருக்கும் கரண்டியைப் போய் எந்த மூட்டைக் கணக்கில் சேர்ப்பது?

நாம் ஏன் கல்லாகிவிடவில்லை?

1923-இல் லண்டனில் லிஸ்டர் ஆய்வு நிலையத்தில் ராபர்ட் ராபிசன் என்ற வேதியியலாளர் எளிமையான ஒரு சோதனை செய்தார். எலும்பில் தாது சரியாகப் படியாத ரிக்கெட்ஸ் நோய் வந்த இளம் எலிகளின் எலும்பை, பாஸ்பேட் ஒட்டிய சர்க்கரையின் கால்சிய உப்புக் கரைசலில் போட்டு வைத்தார். கொஞ்ச நேரத்தில் எலும்பின் மேல் வெள்ளையாகக் கால்சியம் பாஸ்பேட் படிந்தது. எலும்பில் ஏதோ ஒரு நொதி இருக்கிறது, அது சர்க்கரையிலிருந்து பாஸ்பேட்டை வெட்டி எடுக்கிறது, வெட்டிய பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து படிகிறது என்று அவர் முடிவு கட்டினார். நம் ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்த ஆல்கலைன் பாஸ்படேஸ் அதுதான்.

அவர் சொன்னது பாதி சரி. அந்த நொதி பாஸ்பேட்டை வெட்டுவது உண்மை. ஆனால் எலும்புக்கு மூலப்பொருள் தேடிக் கொடுப்பது அதன் தலையாய வேலையாகத் தெரியவில்லை. ரத்தத்திலும் உடலின் மற்ற நீர்மங்களிலும் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே தாராளமாக உள்ளன. எங்கேயாவது ஒரு தாதுப் படிகம் தொடங்கிவிட்டால் அது மேலும் மேலும் வளர்ந்துகொண்டே போகும் அளவுக்கு உள்ளன. அப்படியானால் கேள்வியே தலைகீழாகிவிடுகிறது. எலும்பில் தாது ஏன் படிகிறது என்று கேட்பதைவிட, தசையிலும் தோலிலும் ரத்தக் குழாயிலும் ஏன் படியவில்லை என்று கேட்க வேண்டும்.

இதற்கு விடை 1960-களில் கிடைத்தது. சுவிட்சர்லாந்தின் ஹெர்பர்ட் ஃப்ளைஷ், உடலின் நீர்மங்களில் பைரோபாஸ்பேட் என்ற சின்னஞ்சிறு மூலக்கூறு இருப்பதையும், அது தாதுப் படிகங்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றை வளரவிடாமல் தடுப்பதையும் காட்டினார். இரண்டு பாஸ்பேட்கள் ஓர் ஆக்சிஜன் அணுவால் கோக்கப்பட்ட அமைப்பு அது. இரட்டைப் பாஸ்பேட் என்று வைத்துக்கொள்ளலாம். பல்லில் காறை படியாமல் தடுப்பதாகச் சொல்லும் பற்பசைகள் சிலவற்றில் சேர்க்கப்படுவதும் இதே பொருள்தான். உடம்பு முழுக்கக் காவல் காக்கும் இரட்டைப் பாஸ்பேட்டை, எலும்பு வளர வேண்டிய இடத்தில் மட்டும் அகற்றினால் போதும். தாது தானாகவே படியும்.

அகற்றுவது யார்?

ஒரு வெட்டு, நிதானமாக

இந்த ஒரு நிகழ்ச்சியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்பது நல்லது. எலும்பில் துத்தநாகத்தின் வேலை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரிவதில்லை.

இடம், 12 வயதுப் பையனின் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, கால் எலும்பின் மேல்முனையிலுள்ள வளர்தட்டு. எலும்பு நீளும் இடம் இது. குருத்தெலும்புச் செல்கள் பெருகி, பருத்து, சாகும். அவை விட்டுச்சென்ற இடத்தில் தாது படியும். பின்னாலேயே கட்டுசெல்கள் வந்து எலும்பு போடும். பருத்த குருத்துச் செல்கள், கட்டுசெல்கள், அவற்றிலிருந்து கிள்ளிப் பிரிந்த நுண்குமிழிகள் எல்லாவற்றின் வெளிச்சவ்விலும் ஆல்கலைன் பாஸ்படேஸ் நொதி வெளியே பார்த்தபடி பதிந்திருக்கிறது. நொதியில் ஒரு சிறு பள்ளம். பள்ளத்தின் அடியில் இரண்டு துத்தநாக அணுக்கள், துணைக்கு ஒரு மெக்னீசியம். துத்தநாக அணுக்களுக்கு இடையிலான தூரம் ஒரு மில்லிமீட்டரில் 25 லட்சத்தில் ஒரு பங்கு.

சுற்றியுள்ள நீர்மத்திலிருந்து ஓர் இரட்டைப் பாஸ்பேட் பள்ளத்துக்குள் வந்து விழுகிறது. பாஸ்பேட்டின் ஆக்சிஜன்களில் எதிர்மின்னூட்டம் உண்டு, துத்தநாகத்தில் நேர்மின்னூட்டம். இரண்டு துத்தநாகங்களும் ஆளுக்கொரு பக்கம் அதைப் பற்றிக்கொள்கின்றன. பிடியில் சிக்கிய பாஸ்பேட்டின் நடுவிலுள்ள பாஸ்பரஸ் அணு இப்போது தாக்குதலுக்கு வசமாகத் திறந்துகொள்கிறது. நொதியின் சொந்த அமினோ அமிலம் ஒன்று, செரின், அந்தப் பாஸ்பரஸைப் போய்ப் பிடிக்கிறது. கோத்திருந்த ஆக்சிஜன் பாலம் அறுகிறது. ஒரு பாஸ்பேட் விடுபட்டு வெளியே போகிறது.

மற்றொன்று நொதியோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படியே நின்றுவிட்டால் நொதி ஒரே வெட்டோடு பயனற்றுப் போகும். இங்கே துத்தநாகம் இரண்டாவது உதவியைச் செய்கிறது. பக்கத்திலிருக்கும் ஒரு நீர் மூலக்கூறைப் பற்றி இழுக்கிறது. அந்த இழுப்பில் நீரின் ஒரு ஹைட்ரஜன் கழன்றுவிட, சாதுவான நீர் வீரியம் மிக்கதாக மாறி ஒட்டிநின்ற பாஸ்பேட்டை அறுத்து அனுப்புகிறது. பள்ளம் காலி. அடுத்த மூலக்கூறு உள்ளே வரலாம்.

நடந்ததைக் கூட்டிப் பார்த்தால் ஒரே வெட்டில் இரண்டு ஆதாயம். தாதுவைத் தடுத்துக்கொண்டிருந்த காவல் போயிற்று. தாதுவுக்குத் தேவையான பாஸ்பேட் இரண்டு கிடைத்தன. ராபிசன் பார்த்தது இரண்டாவது ஆதாயத்தை.

இந்த வேலைக்கு இரும்பையோ தாமிரத்தையோ வைத்துக்கொள்ளக் கூடாதா? அவையும் உடம்பில் உள்ள உலோகங்கள்தாமே. ஆனால் அவை எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கும் இயல்புள்ளவை. ஆக்சிஜன் உள்ள இடத்தில் அந்தக் கொடுக்கல் வாங்கல் பக்கத்திலுள்ள புரதங்களையும் கொழுப்பையும் சேதப்படுத்தும் துணுக்குகளைக் கிளப்பிவிடும். துத்தநாகம் அந்த வம்புக்கே போவதில்லை. அதன் மின்னூட்டம் உடம்பில் எப்போதும் ஒரே நிலையில் இருக்கும். இறுக்கமாகப் பிடிக்கவும் தெரியும், சட்டென்று விடவும் தெரியும். வெட்டி ஒட்டும் நொதிகளில் அது இத்தனை இடங்களில் இருப்பதற்கு இதுவே காரணம்.

ரிப்போர்ட் விஷயத்துக்கும் விடை இங்கேயே இருக்கிறது. நொதி செல்லின் சவ்வில் ஒரு சிறு கொழுப்புக் காலை ஊன்றித்தான் நிற்கிறது. அந்தக் கால் அவ்வப்போது அறுபட, நொதி மிதந்து ரத்தத்தில் சேர்கிறது. வளர்தட்டுகளில் வேலை மும்முரமாக நடக்கும் வயதில் கசிவும் அதிகம். ரத்தத்தில் தெரிந்தது நோயல்ல, பையனின் எலும்புகள் போட்டுக்கொண்டிருந்த உழைப்பு.

வெட்டத் தெரியாத எலும்பு

1948-இல் கனடாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ராத்பன் விசித்திரமான ஒரு கைக்குழந்தையைப் பற்றி எழுதினார். எக்ஸ்ரேயில் பார்த்தால் கடுமையான ரிக்கெட்ஸ். சாதாரண ரிக்கெட்ஸ் என்றால் ஆல்கலைன் பாஸ்படேஸ் ஏறியிருக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கோ அது இல்லாத குறையாக இருந்தது. ஹைப்போபாஸ்படேசியா என்று அவர் பெயரிட்ட இந்த அரிய மரபுக் குறையில், நொதியைத் தரும் மரபணுவே பழுதாகியிருக்கிறது. கடுமையான வகையில், ரத்தத்தில் கால்சியம் இருக்கிறது, சில சமயம் தேவைக்கு மேலேயே இருக்கிறது, எலும்புக்குள்தான் போகவில்லை. இரட்டைப் பாஸ்பேட் வெட்டப்படாமல் குவிந்து வழிமறிக்கிறது. இப்படிப்பட்ட குழந்தைக்குக் கால்சியத்தை மேலும் கொடுப்பது ஆபத்தில்தான் முடியும்.

2015-இல் இதற்கு மருந்து வந்தது. ஆய்வுக்கூடத்தில் தயாரித்த அதே நொதியின் வாலில், எலும்புத் தாதுவோடு ஒட்டிக்கொள்ளும் பத்து அமினோ அமிலங்களைக் கோத்து ஊசியாகப் போடுகிறார்கள். எக்ஸ்ரேயில் வெறும் நிழலாகத் தெரிந்த விலா எலும்புகள் ஊசிக்குப் பிறகு மெல்ல வெளுத்துத் தெரியத் தொடங்கின. மூச்சுக் கருவியை நம்பியிருந்த குழந்தைகள் சிலர் அது இல்லாமலே மூச்சுவிட்டார்கள். கால்சியத்தை யாரும் கூட்டிக் கொடுக்கவில்லை. வெட்டுகிற கையை மட்டும் கொடுத்தார்கள்.

ஷிராஸ் நகரத்து இளைஞர்

நொதி சரியாக இருந்து துத்தநாகம் மட்டும் கிடைக்காமல் போனால்? 1950-கள் வரை மருத்துவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. துத்தநாகம் மண்ணிலும் தானியத்திலும் இறைச்சியிலும் எங்கும் உள்ள பொருள். மனிதனுக்கு அதில் குறைபாடு வர வாய்ப்பே இல்லை என்று நம்பினார்கள்.

கால்நடை மருத்துவர்களுக்கு அந்த நம்பிக்கை இல்லை. 1955-இல் அமெரிக்காவில் டக்கர், சால்மன் என்ற இருவர், பன்றிகளின் தோல் தடித்து வெடிக்கும் நோயைத் துத்தநாகம் கொடுத்துக் குணப்படுத்தினர். தீவனத்தில் கால்சியம் கூடினால் அந்த நோயும் கூடியது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. சில ஆண்டுகளில் மிசௌரி பல்கலைக்கழகத்தில் ஓ'டெல் குழுவினர் துத்தநாகம் குறைந்த தீவனத்தில் கோழிக்குஞ்சுகளை வளர்த்தார்கள். கால் எலும்புகள் குட்டையாகி, தடித்து, மூட்டு வீங்கிப்போயின.

மனிதரிடம் அந்தக் குறைபாட்டைக் கண்டவர் பீகாரின் பக்ஸரில் 1928-இல் பிறந்த ஆனந்த பிரசாத். பாட்னாவில் மருத்துவம் படித்து, அமெரிக்காவில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, 1958-இல் ஈரானின் ஷிராஸ் நகருக்கு வேலைக்குப் போனார். அங்கே அவரிடம் வந்த நோயாளி ஒருவருக்கு வயது 21. பார்வைக்கு 10 வயதுச் சிறுவன். மீசை இல்லை, பருவ வளர்ச்சி இல்லை, தோல் சொரசொரப்பு, கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன, ரத்தசோகை முற்றியிருந்தது. எக்ஸ்ரேயில் வளர்தட்டுகள் மூடாமல் இருந்தன. எலும்புகளின் கணக்குப்படி அவர் இன்னும் சிறுவர்தான். சாப்பாடு என்று பார்த்தால் முழுக் கோதுமை மாவில் சுட்ட புளிக்காத ரொட்டி மட்டும். இறைச்சி, முட்டை எதுவும் கிடையாது. அதோடு தினமும் அரைக் கிலோ களிமண் தின்னும் பழக்கம். விரைவிலேயே இதே போல இன்னும் பத்துப் பேர் வந்து சேர்ந்தார்கள்.

இரும்புச்சத்தும் மருத்துவமனையின் நல்ல சாப்பாடும் கொடுத்ததும் ரத்தசோகை தெளிந்தது. கூடவே அவர்கள் வளரவும் தொடங்கினார்கள். பிரசாத்துக்கு இடித்தது இங்கேதான். இரும்புக் குறைவு ரத்தத்தை வற்ற வைக்கும். வளர்ச்சியையும் பருவத்தையும் இப்படி நிறுத்தி வைக்காது. இன்னொரு துப்பும் கிடைத்தது. சிகிச்சை தொடங்கிய பிறகு நோயாளிகளின் ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்படேஸ் ஏறியது. இரும்பை வைத்து அதற்கு விளக்கம் சொல்ல முடியவில்லை. அந்த நொதிக்கு இரும்பு தேவையே இல்லை. பன்றியும் கோழியும் நினைவுக்கு வர, துத்தநாகம்தான் காரணமோ என்று 1961-இல் தம் கட்டுரையில் எழுதினார்.

வெறும் ஊகம் அது. அதை நிரூபிக்க அவருக்கு எகிப்து கைகொடுத்தது. கெய்ரோவில் அமெரிக்கக் கடற்படையின் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, சுற்றுப்புறக் கிராமங்களில் இதே போன்று குன்றிய இளைஞர்களைத் தேடிப் பிடித்தார். அவர்களிடம் மண் தின்னும் பழக்கம் இல்லை. கொக்கிப்புழுவும் ரத்தத் தட்டைப்புழுவும் இருந்தன. ரத்தத்திலும் தலைமுடியிலும் அளந்தபோது துத்தநாகம் குறைந்திருந்தது. நல்ல சாப்பாடு மட்டும் கிடைத்தவர்களையும் இரும்பு பெற்றவர்களையும்விடத் துத்தநாகம் பெற்றவர்கள் வேகமாக வளர்ந்தார்கள். ஓராண்டில் ஐந்து, ஆறு அங்குலம். மீசை அரும்பும் வயதைத் தாண்டியும் மூடாமல் காத்திருந்த அந்த வளர்தட்டுகள்தான் இதைச் சாத்தியமாக்கின.

எல்லோரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்கு நியாயமும் இருந்தது. பின்னால் வந்த ஆய்வுகளில் சில ஊர்களில் பலன் தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. ஷிராஸிலேயே 1970-களின் தொடக்கத்தில், சத்துக்குறைவால் ராணுவத்தில் சேர்க்காமல் தள்ளப்பட்ட 15 இளைஞர்களையும் இரண்டு பெண்களையும் வைத்து ஹால்ஸ்டெட் குழுவினர் மறுபடி சோதித்து, துத்தநாகத்தின் பங்கை உறுதிப்படுத்தினார்கள். 1974-இல் அமெரிக்க அறிவியல் கழகம் தினசரி தேவைப் பட்டியலில் துத்தநாகத்தைச் சேர்த்தது. குழந்தைகளில் பிற்காலத்தில் நடந்த பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது கிடைத்த படம் நிதானமானது. துத்தநாகம் உயரத்தைக் கூட்டுகிறது, ஆனால் சிறிதளவே. அதுவும் ஏற்கெனவே வயதுக்குக் குட்டையாக இருந்த குழந்தைகளிடம்தான் நன்றாகத் தெரிகிறது. எகிப்தின் ஆறு அங்குலம் எல்லோருக்கும் கிடைக்கும் வரம் அல்ல.

கட்டுசெல் ஆவதற்கே ஓர் ஆணை

இதுவரை பேசியது கட்டுசெல்லின் ஒரு நொதியைப் பற்றி. கட்டுசெல் உருவாவதற்கே துத்தநாகம் வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது.

எலும்பு மஜ்ஜையிலும் எலும்பின் மேலுறையிலும் இன்னும் எந்த வேலை என்று முடிவாகாத இளஞ்செல்கள் இருக்கின்றன. கொழுப்புச் செல்லாகலாம், குருத்துச் செல்லாகலாம், கட்டுசெல்லாகலாம். எதுவாவது என்பதை முடிவு செய்வது, டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடத்தில் போய் உட்கார்ந்து சில மரபணுக்களைத் தூண்டிவிடும் புரதங்கள். அவை சரியான இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கின்றன? 1985-இல் கேம்பிரிட்ஜில் ஆரன் க்ளூக், தவளை முட்டையிலிருந்து எடுத்த ஒரு புரதத்தில் அதன் வழியைக் கண்டார். புரதத்தில் ஏறக்குறைய 30 அமினோ அமிலங்கள் நீளமுள்ள துண்டு ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு துண்டும் நான்கு இடங்களில் ஒரு துத்தநாக அணுவைப் பற்றிக்கொண்டு இறுகி மடிகிறது. மடிந்த துண்டு டிஎன்ஏவின் பள்ளத்தில் நுழைந்து எழுத்துகளைத் தடவிப் படிக்கிறது. துத்தநாக விரல்கள் என்ற பெயர் நிலைத்துவிட்டது. துத்தநாகத்தை எடுத்துவிட்டால் விரல் மடங்காது, படிக்கவும் முடியாது. மனித மரபணுத் தொகுதியில் இவ்வகை விரல் புரதங்களுக்கான மரபணுக்கள் சுமார் 700.

அவற்றில் ஒன்று ஆஸ்டெரிக்ஸ். அதில் மூன்று விரல்கள். 2002-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நகஷிமா, டி க்ராம்ப்ரூக் குழுவினர் இந்த ஒரே ஒரு புரதம் இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். கருவில் எலிக்குட்டியின் உருவம் சரியாக வந்தது. கை, கால், விலா, எல்லாவற்றுக்கும் குருத்தெலும்பு அச்சு இருந்தது. எலும்பு மட்டும் எங்கும் இல்லை. இளஞ்செல்கள் வந்து காத்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் கட்டுசெல்லாக மாறவில்லை. பிறந்த குட்டிகள் மூச்சுவிடத் தவித்து, கால் மணி நேரத்துக்குள் செத்தன. மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூடு விறைப்பாக நிற்க வேண்டும். நிறுத்த எலும்பு இல்லை.

இதை வைத்துக்கொண்டு, துத்தநாகம் கொஞ்சம் குறைந்தால் ஆஸ்டெரிக்ஸின் விரல்கள் கழன்றுவிடும் என்று பயமுறுத்துவது அறிவியல் அல்ல. அந்த விரல்கள் துத்தநாகத்தை மிக இறுக்கமாகப் பற்றியிருப்பவை. தட்டுப்பாடு வந்தால் முதலில் அடிவாங்குவது செல் பெருகும் வேகமும், எலும்பை வளரத் தூண்டும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனும், பசியும். துத்தநாகம் இல்லாத தீவனம் கொடுத்த எலி சில நாட்களிலேயே தீவனத்தைக் குறைத்துக்கொள்கிறது. இரும்பைச் சேர்த்து வைக்க உடம்பில் தனிப் புரதமும் இடமும் உண்டு; துத்தநாகத்துக்கு அப்படியொரு சேமிப்பு இல்லை. எலும்புத் தாதுவில் ஒட்டிக் கிடக்கும் பங்கைக்கூட அவசரத்துக்குச் சுலபமாக எடுக்க முடிவதில்லை. வேலை செய்யும் செல்லுக்குப் பக்கத்திலேயே குவிந்து கிடந்தும் அது கைக்கு எட்டாத சரக்குதான்.

கரைக்கிற தரப்பிலும்

எலும்பு வளர்வதென்றால் சேர்ப்பது மட்டும் அல்ல. தொடை எலும்பு தடிக்கும்போது வெளிப்புறத்தில் போட்டுக்கொண்டே உட்புறத்தில் கரைக்க வேண்டும். இல்லையென்றால் மஜ்ஜைக்கு இடம் இருக்காது. கரைசெல் எலும்பின் மேல் ஒட்டி அமர்ந்து, அடியில் அமிலத்தைச் சுரந்து தாதுவைக் கரைக்கிறது. அந்த அமிலத்துக்கான மூலத்தைத் தயாரிப்பது கார்பானிக் அன்ஹைட்ரேஸ். துத்தநாகம் கொண்டதென்று 1940-இல் முதன்முதலாக நிறுவப்பட்ட நொதி இதுவே. இதன் ஒரு வகை பிறவியிலேயே இல்லாதவர்களுக்கு எலும்பு கரையாமல் சேர்ந்துகொண்டே போகிறது. அடர்த்தியாக இருக்கும் அந்த எலும்பு எளிதில் முறிகிறது.

தாது போனபின் மிஞ்சும் கொலாஜன் இழையை வெட்டவும் துத்தநாக நொதிகள் உண்டு. அந்தக் குடும்பத்தின் முதல் உறுப்பினரை 1962-இல் பாஸ்டனில் ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியரும் கண்டெடுத்தது எலும்பில் அல்ல, தவளைக்குஞ்சின் வாலில். தவளையாகும்போது அந்த வால் எங்கே போகிறது என்று தேடியவர்களுக்குக் கிடைத்த நொதி அது.

கட்டுகிறவருக்கும் கரைக்கிறவருக்கும் ஒரே உலோகம் உதவுகிறது என்றால், துத்தநாகம் கூடும்போது தராசு எந்தப் பக்கம் சாயும்? ஜப்பானில் ஷிசுவோகா பல்கலைக்கழகத்தின் மசயோஷி யமகுச்சி 1980-களிலிருந்து இதைத் துருவினார். எலும்புத் துண்டுகளிலும் வளர்ப்புச் செல்களிலும் துத்தநாகம் சேர்த்தபோது கட்டுசெல்களின் புரத உற்பத்தியும் ஆல்கலைன் பாஸ்படேஸும் கூடின, கரைசெல்கள் உருவாவது குறைந்தது. சாய்வு கட்டும் பக்கம். மருந்துக் கம்பெனிகளுக்கு உற்சாகம் தரும் முடிவுதான். ஆனால் ஆய்வுக்கூடத் தட்டில் செல்லைச் சுற்றித் துத்தநாகத்தை ஊற்றுவது வேறு, சாப்பிட்ட துத்தநாகம் குடலைத் தாண்டுவது வேறு.

ரொட்டியில் இருந்ததும் கிடைக்காததும்

ஷிராஸ் இளைஞர் தின்ற முழுக் கோதுமையில் துத்தநாகம் குறைவாக இல்லை. தவிடு நீக்கிய மைதாவைவிட அதிகமாகவே இருந்தது. பிரச்சினை ஃபைட்டேட். விதைகள் தம் பாஸ்பரஸைச் சேமித்து வைக்கும் பொருள் அது. ஒரு மூலக்கூறில் ஆறு பாஸ்பேட் கைகள். துத்தநாகத்துக்குப் பாஸ்பேட்டின் மேலுள்ள பற்றுதான் ஆல்கலைன் பாஸ்படேஸில் வேலையை நடத்துகிறது என்று பார்த்தோம். அதே பற்று குடலில் அதற்கு எதிராகத் திரும்புகிறது. ஃபைட்டேட்டின் ஆறு கைகளும் துத்தநாகத்தைப் பிடித்துக் கரையாத கட்டியாக்கி மலத்தோடு வெளியே அனுப்பிவிடுகின்றன. கால்சியமும் கூட இருந்தால் கட்டி இன்னும் இறுகும். டக்கரும் சால்மனும் பன்றிகளிடம் பார்த்தது அதைத்தான்.

மனிதக் குடலில் ஃபைட்டேட்டை உடைக்கும் நொதி போதிய அளவுக்கு இல்லை. விதையிடம் இருக்கிறது. முளைக்கும்போது தன் சேமிப்பைத் திறக்க அது அந்த நொதியைத்தான் பயன்படுத்துகிறது. மாவு புளிக்கும்போதும் நுண்ணுயிர்களும் தானியத்தின் சொந்த நொதியும் சேர்ந்து ஃபைட்டேட்டை உடைக்கின்றன. ஆகவே முளைகட்டிய பயறு, முளைகட்டிக் காயவைத்து அரைத்த கேழ்வரகு, இரவு முழுக்கப் புளித்த இட்லி மாவு ஆகியவற்றிலிருந்து உடம்புக்குக் கிடைக்கும் துத்தநாகம், அதே தானியத்தை அப்படியே அரைத்துச் சுட்டதைவிட அதிகம். ஷிராஸ் கிராமத்து ரொட்டி புளித்திருந்தால் கதையில் பாதி குறைந்திருக்கும்.

தினமும் எவ்வளவு வேண்டும் என்ற பட்டியலிலும் ஃபைட்டேட்டின் கை தெரிகிறது. அமெரிக்காவில் ஆண்களுக்கு 11 மில்லிகிராம், பெண்களுக்கு 8. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பட்டியலில் ஆண்களுக்கு 17, பெண்களுக்கு 13-க்குச் சற்று மேல். இந்தியர் உடம்புக்குத் துத்தநாகம் அதிகம் வேண்டும் என்பதல்ல. தானியமும் பருப்பும் மிகுந்த சாப்பாட்டில் பெரும்பங்கு உள்ளே போகாமலே வெளியேறுவதால் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். ஆட்டிறைச்சி, முட்டை, நண்டு சாப்பிடும் வீட்டில் கவலை குறைவு. சைவ வீட்டில் எள், வேர்க்கடலை, பருப்பு, கொண்டைக்கடலை கைகொடுக்கும். பால் இந்த விஷயத்தில் அவ்வளவு சாதிக்காது: 200 மில்லி டம்ளரில் ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது.

கூடினால் தாமிரம் போகும்

அப்படியானால் மாத்திரையாகவே போட்டுக்கொண்டால் என்ன? குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கின்போது உப்பு சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரை தருவது நல்ல சிகிச்சை. 2004 முதல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது. ஆனால் அது 10 முதல் 14 நாளுக்கான கணக்கு. எலும்புக்கு நல்லதென்று மாதக்கணக்கில் விழுங்குவது வேறு. பெரியவர்களுக்கு அமெரிக்காவில் வகுத்த உச்சவரம்பு நாளொன்றுக்கு 40 மில்லிகிராம். பல்செட் ஒட்டும் பசையில் துத்தநாகம் சேர்த்திருந்த காலத்தில், அதை அளவில்லாமல் அப்பிக்கொண்ட சிலர் காலில் உணர்விழந்து நடை தடுமாறி மருத்துவர்களிடம் வந்தார்கள். ரத்தத்தில் துத்தநாகம் ஏறியிருந்தது; தாமிரம் காலி.

நடப்பது இதுதான். துத்தநாகம் மிகும்போது குடல் செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைப் பெருக்கிக்கொள்கின்றன. அந்தப் புரதம் துத்தநாகத்தைவிடத் தாமிரத்தை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். சில நாட்களில் குடல் செல்கள் உதிரும்போது அவற்றோடு தாமிரமும் போய்விடும். எலும்புக்கும் இதில் நஷ்டம் உண்டு. கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பூட்டிக் கெட்டிப்படுத்தும் லைசில் ஆக்சிடேஸ் நொதி தாமிரத்தால் இயங்குவது. தாமிரம் குறைந்தால் கம்பிக் கட்டே தளர்ந்துவிடும்.

தாமிரம் உடம்பில் தேங்கிக் கல்லீரலையும் மூளையையும் அரிக்கும் வில்சன் நோய் உள்ளவர்களுக்கோ இதே கோளாறு மருந்தாகிறது. அவர்களுக்கு மருத்துவர்கள் வேண்டுமென்றே அதிக அளவு துத்தநாகம் கொடுத்துத் தாமிரத்தைக் குடலிலேயே மறித்து வெளியேற்றுகிறார்கள். 1997 முதல் அமெரிக்காவில் இது அனுமதி பெற்ற சிகிச்சை.